திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள், என்ன கேட்டார்கள் என்றே புரியவில்லை. உதவுங்கள்

புதுசா_வந்தவள்:
எல்லாருக்கும் வணக்கம். அவசரம், இன்றைக்கே யாராவது பதில் போடுங்கள். இங்கே கனடாவில் வேலை இடத்தில் நேற்று சூப்பர்வைசர் வந்து வேகமாக ஏதோ கேட்டார். பாதிதான் புரிந்தது. பதற்றத்தில் 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டிவிட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. போகும்போது 'மண்டே', 'ஆபீஸ்' என்று சொன்ன மாதிரி இருந்தது. வேலையை விட்டு எடுத்துவிடுவார்களா? ஊரில் பி.எஸ்சி. முடித்தவள், இங்கிலீஷ் பேப்பர் எல்லாம் பாஸ். எழுதிக் கொடுத்தால் புரிகிறது, பேசினால் ஒன்றும் ஏறவில்லை. டென்ஸ் முதலில் படிக்க வேண்டுமா, வார்த்தைகளா? எந்த ஆப் நல்லது?

ஸ்காபரோ_அக்கா:
தங்கச்சி, பயப்படாதீங்கோ. நான் வந்த புதிதில் இதைவிட மோசம். ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் கோப்பி வாங்கவே பயம். முன்னுக்கு நின்றவர் 'டபுள் டபுள்' என்று கேட்டதைப் பார்த்து நானும் அதையே சொல்லிப் பழகினேன். கிரீம் இரண்டு, சீனி இரண்டு என்று அர்த்தம். எனக்குச் சீனி பிடிக்காது, ஆனாலும் வேறு மாதிரிக் கேட்கத் தெரியாமல் ஒரு குளிர்காலம் முழுக்க அதைத்தான் குடித்தேன். நீங்கள் லிங்க் (LINC) என்ற இங்கிலீஷ் வகுப்பில் சேருங்கோ. மத்திய அரசின் காசில் நடக்கிறது, 1992இல் தொடங்கினது. முதலில் மதிப்பீடு செய்து எந்த லெவல் என்று சொல்வார்கள். சில இடங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு.

பிராம்ப்டன்_தம்பி:
லிங்க் எல்லாம் ரொம்ப மெதுவாகப் போகும் அக்கா. அவர் டிகிரி முடித்தவர். அடிப்படை இல்லாமல் என்ன பேசினாலும் தப்பாகத்தான் வரும். பன்னிரண்டு டென்ஸையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தினமும் ஒரு வினைச்சொல்லை எடுத்துப் பன்னிரண்டிலும் சொல்லிப் பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சையை நான் அப்படித்தான் தாண்டினேன்.

மிசிசாகா_மாமா:
தம்பி, இந்த ஊரில் யார் வந்து உன்னிடம் பாஸ்ட் பெர்ஃபெக்ட் கன்டினியஸ் கேட்டார்கள்? பள்ளிக்கூடத்தில் அதைத்தானே எல்லாரும் படித்தோம், அப்புறமும் வாய் திறக்கவில்லையே. ரேடியோவைப் போட்டுக் காது கொடுத்தால் போதும். நாங்கள் வந்த காலத்தில் ஆப் ஏது?

பிராம்ப்டன்_தம்பி:
அதனால்தான் மாமா, இருபது வருஷமாகியும் நம் ஆட்கள் 'ஐ டிட்ன்ட் வென்ட்' என்கிறார்கள்.

மிசிசாகா_மாமா:
'ஐ டிட்ன்ட் வென்ட்' சொல்லியே வீடு வாங்கினோம். உனக்கு இன்னும் பேஸ்மென்ட்தானே?

மார்க்கம்_ரவுடி:
இங்கிலீஷ் வந்தால் மட்டும் என்ன? எட்டு வருஷம் அக்கவுன்ட்ஸ் பார்த்தவன் நான், போகிற இடமெல்லாம் 'கனடியன் எக்ஸ்பீரியன்ஸ்', அதாவது இந்த நாட்டில் வேலை பார்த்த அனுபவம், கேட்டார்கள். 2026 ஜனவரியிலிருந்து நம் ஒன்டாரியோ மாகாணத்தில் 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கக்கூடாதாம். விளம்பரத்தில் கேட்க மாட்டார்கள், மனசில் கேட்பார்கள். அப்புறம் தங்கச்சி, சேர்ந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் நோட்டீஸ் இல்லாமலே அனுப்பலாம், தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்காபரோ_அக்கா:
பிள்ளை ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கு, நீர் வேற.

மார்க்கம்_ரவுடி:
உள்ளதைச் சொன்னேன். வாடகையைக் கேட்டால் இன்னும் நடுங்குவார்.

நைட்_ஷிப்ட்:
கொஞ்சம் நிறுத்துங்கள் எல்லாரும். சகோதரி, நீங்கள் எந்த ஊர், என்ன விசா, என்ன வேலை என்று எதுவுமே சொல்லவில்லை. லிங்க் வகுப்பு நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்ற பெர்மனென்ட் ரெசிடென்ட் (பி.ஆர்.), அகதியாக ஏற்கப்பட்டவர் போன்றவர்களுக்குத்தான். மற்றது, சூப்பர்வைசர் சொன்னதில் காதில் விழுந்த வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள்.

புதுசா_வந்தவள்:
மன்னிக்கவும். டொரன்டோவில் எட்டோபிகோக். கணவர் பிஎச்.டி. படிக்கிறார், எனக்கு எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கலாம் என்கிற ஓப்பன் வொர்க் பெர்மிட். குடோனில் பேக்கிங் வேலை, சேர்ந்து மூன்று வாரம். 'மைண்ட்' என்றார், 'சாட்டர்டே' என்றார். கடைசியில் 'செக்' என்றும் கேட்டது.

நைட்_ஷிப்ட்:
அப்போ லிங்க் உங்களுக்குக் கிடையாது. பி.ஆர். வந்த பிறகு பாருங்கள்.

'டூ யூ மைண்ட் வொர்க்கிங் சாட்டர்டே?' என்று கேட்டிருப்பார். அதற்கு யெஸ் என்றால் 'எனக்கு ஆட்சேபம் உண்டு' என்று ஆகிவிடும். வரத் தயார் என்றால் 'நோ, தட்ஸ் ஃபைன்' என்று சொல்ல வேண்டும். தலையையும் ஆட்டி யெஸ்ஸும் சொன்னதால் அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும். நாம் தடுக்கி விழுகிற இன்னொரு இடமும் உண்டு. 'யூ டிட்ன்ட் ஃபினிஷ்?' என்பார்கள். தமிழில் 'ஆமாம், முடிக்கவில்லை' என்போம். அங்கே 'நோ, நாட் யெட்' என்று சொல்ல வேண்டும். வெறும் யெஸ் சொன்னால் முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சந்தேகம் என்றால் யெஸ் சொல்லவே சொல்லாதீர்கள். 'சாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?' அதன்பிறகு புரிந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள்: 'ஸோ, மண்டே, நைன், ஆபீஸ், ரைட்?' தப்பென்றால் அவரே திருத்துவார். எழுத்து உங்களுக்குப் புரியும் என்கிறீர்கள், அதைப் பயன்படுத்துங்கள். 'குட் யூ டெக்ஸ்ட் மீ த டீடெயில்ஸ்?' என்று இப்போதே அவருக்கு மெசேஜ் போடுங்கள்.

டென்ஸ் சண்டைக்கு நான் வரவில்லை. குடோனில் 'ஐ டிட் இட்', 'ஐ'ம் டூயிங் இட்', 'ஐ'ல் டூ இட்', இதோடு நாட் யெட். இந்த மாதத்துக்கு இது போதும். வார்த்தைகளை லிஸ்ட் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். பெட்டி, லேபிள், ஸ்கேனர் என்று நீங்கள் கையில் எடுக்கிற பொருளோடு வருகிற முழு வாக்கியத்தையே நோட்டில் எழுதுங்கள். டொரன்டோ பப்ளிக் லைப்ரரி கிளைகளில் இங்கிலீஷ் கான்வர்சேஷன் சர்க்கிள் நடக்கிறது. இலவசம். நாள், நேரம் கிளைக்குக் கிளை மாறும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுசா_வந்தவள்:
மெசேஜ் போட்டேன். பதில் வந்துவிட்டது! சனிக்கிழமை ஓவர்டைம் வர முடியுமா என்றுதான் கேட்டாராம். திங்கட்கிழமை 'வாய்ட் செக்' எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வரணுமாம். அது என்ன, பவுன்ஸ் ஆன செக்கா? எங்களிடம் செக் புக்கே இல்லையே.

ஸ்காபரோ_அக்கா:
ஐயோ இல்லை தங்கச்சி, அது 'வாய்ட்' என்று குறுக்கே எழுதின வெறும் செக். சம்பளத்தை நேரே உங்கட பாங்கில் போடக் கேட்கிறார்கள்.

நைட்_ஷிப்ட்:
செக் புக் தேவையில்லை. உங்கள் பேங்க் ஆப்பில் 'டைரக்ட் டெபாசிட் ஃபார்ம்' என்று தேடுங்கள். டிரான்சிட் நம்பர், இன்ஸ்டிட்யூஷன் நம்பர், அக்கவுன்ட் நம்பர் மூன்றும் அதில் இருக்கும். பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் போதும். சனிக்கிழமை முடியுமா முடியாதா, அதற்கும் இன்றே பதில் போட்டுவிடுங்கள்.