பொருள்: வால்வு ஆம்ப்ளிபையர் கையேடு – 'ஹம்' என்பதற்குச் சொல் வேண்டும்

சொல்லாக்கக் குழுவின் அன்புடையீர், வணக்கம்.

வீட்டிலேயே வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப்ளிபையர் கட்டுவோருக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பழுதறியும் இயலில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன். ஆங்கில நூல்கள் ஆம்ப்ளிபையரில் வேண்டாது எழும் ஒலிகளை ஹம் (hum), பஸ் (buzz), ஹிஸ் (hiss) என்று மூன்றாகப் பிரிக்கின்றன. மூன்றையும் 'இரைச்சல்' என்று எழுதிவிட்டால் பழுதைத் தேடும் வழியே மறைந்துபோகும். ஹிஸ் என்பது பெரும்பாலும் முதல் வால்வின் பிளேட்டில் (நேர்மின்வாயில்) உள்ள பழைய கார்பன் மின்தடையில் மிகுவது. அதற்குச் 'சீறல்' என்று வைத்துக்கொண்டேன். பஸ் என்பது விளக்கொளியைக் குறைக்கும் டிம்மர், குழல்விளக்கு போன்றவற்றிலிருந்து கிட்டாரின் பிக்கப் (தந்தி அதிர்வை மின்னாக்கும் உறுப்பு) வழியாக ஏறும் கரகரப்பு. ஆழ்ந்து தொடர்ந்து ஒலிக்கும் ஹம் மட்டும் இருவகைப்படும். வால்வைச் சூடேற்றும் 6.3 வோல்ட் ஹீட்டர் கம்பிகளை இறுக முறுக்காமல் கிரிட் (வால்வில் சிக்னல் நுழையும் மின்வாய்) கம்பிக்கு அருகே கொண்டுசென்றால் நம் மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) கேட்கும். மின்னைத் தேக்கி வடிகட்டும் கண்டென்சர் வலுவிழந்தால், மாறுதிசை மின்னை ஒருதிசை மின்னாக்கும் முழுஅலைத் திருத்தத்தில் அலையின் இரு பாதிகளும் ஒரே பக்கம் மடிவதால், 100 ஹெர்ட்ஸ் கேட்கும். இந்த ஹம்முக்கு ஒரு சொல் தாருங்கள்.

———

ஐயா, 'முரல்' இருக்க அலைவானேன்? வண்டு முரல்வதும் யாழ் முரல்வதும் நம் இலக்கியத்தில் மலிந்து கிடக்கின்றன. 'முரல்வு' என்று தொழிற்பெயராக்கிக் கொள்ளலாம். இன்னும் நயம் வேண்டுமெனில் அப்பரடிகளின் 'மூசு வண்டறை பொய்கை'யிலிருந்து 'மூசல்' என்று எடுக்கலாம். 'ரீங்காரம்' மட்டும் வேண்டாம். ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்பதை இக்குழுவில் நான் சொல்ல வேண்டியதில்லை.

———

அந்த அடியில் மூசுதல் மொய்த்தல். ஒலிப்பது 'அறை' என்னும் சொல்லே. ஆகவே 'மூசல்' என்றால் ஆம்ப்ளிபையரை வண்டு மொய்த்ததாகத்தான் பொருள்படும். 'முரல்' என்பதோ எங்கள் யாழ்ப்பாணக் கரையில் ஊசிமூக்கு மீன். 'வு' சேர்த்தாலும் வாசகர் மனத்தில் மீன்தான் துள்ளும்.

என் தயக்கத்திற்குப் பெரிய காரணம் வேறு. தேனீ நொடிக்கு இருநூறு தடவைக்கு மேல் சிறகடிக்கிறது. அந்த ஒலி 50 ஹெர்ட்ஸைவிட மிக உயரமானது. வண்டுக்குரிய சொற்கள் செவிக்குப் பொருந்துவது பஸ்ஸுக்கே ஒழிய ஹம்முக்கு அன்று. ஹம்முக்குக் கடலும் முரசும் போன்ற அடித்தொண்டை ஒலி வேண்டும். 'இமிழ்வு' எனலாம், இமிழ்கடல் (ஒலிக்கும் கடல்) என்பது பழைய வழக்குத்தானே.

———

மின்பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே பெயரை இருவேறு பழுதுகளுக்கு வைப்பது முறையன்று. 50 ஹெர்ட்ஸுக்கு 'ஹீட்டர் ஒலி', 100 ஹெர்ட்ஸுக்குச் 'சிற்றலை ஒலி' (சிற்றலை என்பது வடிகட்டலில் எஞ்சும் அலைவு) என்று காரணத்தால் பெயரிடுங்கள், ஐயம் எழாது.

———

ஐயா, காரணத்தைப் பெயரிலேயே வைத்துவிட்டால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும். 50 ஹெர்ட்ஸ் ஹீட்டரிலிருந்து மட்டுமா வருகிறது? பவர் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் பாய்ந்தாலும், எர்த் இணைப்பு வளையமாகிவிட்டாலும் அதே ஒலிதான். கட்டுபவர் முதலில் காதால் கேட்கிறார். பிறகு வால்யூம் குமிழைக் குறைக்கிறார். ஒலியும் குறைந்தால் பழுது குமிழுக்கு முன்னே. மாறாதிருந்தால் பின்னே, அல்லது மின்வழங்கலில். அதன்பிறகு மின்னை நிறுத்தி, முதல் வால்வைக் கழற்றி, மீண்டும் மின்னை ஏற்றிக் கேட்பார். காரணம் கடைசியில் கிடைப்பது. ஆகவே பெயர் செவிவழியாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டையும் பிரிக்கக் கிட்டாரே போதும். மிகத் தடித்த தந்தியை மூன்றாம் பிரெட்டில் (கழுத்திலுள்ள மூன்றாம் கட்டையில்) அழுத்தி மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிபையரின் ஒலி அதனோடு ஏறக்குறைய ஒட்டினால் அது 100. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, கிட்டார் எட்டாத ஆழத்தில் இருந்தால் 50. 'மேல் இமிழ்வு', 'கீழ் இமிழ்வு' என்று அடைமொழி கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

———

இமிழ் என்ற சொல் எழுந்தது மகிழ்ச்சி. 'தமிழ்' என்னும் பெயரே தம் + இமிழ் என்று பிரியும் என்பது என் நெடுநாளைய கருத்து. மகர ழகரங்களின் உறவை நோக்கினால் அமிழ், உமிழ், குமிழ், சிமிழ் ஆகிய அனைத்தும் ஒரே வேரின் கிளைகளாக

———

ஐயா, பொறுத்தருள்க. வெள்ளிக்கிழமை.

———

பயிற்சிப் பட்டறையில் கற்பிப்பவன் நான். வால்வு ரேடியோக் காலத்திலிருந்தே பழுதுபார்ப்போர் 'ஹம் அடிக்கிறது' என்றுதான் சொல்லி வருகிறார்கள். சாலிடரிங் அயர்னைக் கையில் பிடித்திருப்பவர் இமிழ்வுக்கு அகராதியைப் புரட்டமாட்டார். ஹகரம் கிரந்தம் என்பது உண்மை. அதே நேரம் அந்தச் சொல்லைச் சொல்லும்போதே வாய் அந்த ஒலியைச் செய்துகாட்டுகிறது.

———

எல்லோர்க்கும் நன்றி. ஹம்முக்கு 'இமிழ்வு', பஸ்ஸுக்கு 'முரல்வு', ஹிஸ்ஸுக்குச் 'சீறல்' என்று எழுதி, ஒவ்வோர் இயலிலும் முதன்முறை வருமிடத்தில் புழக்கச் சொல்லையும் அடைப்புக்குறிக்குள் தருகிறேன். பெரும்பாலோர் இதற்கு இசைந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். களைப்பினால் இசைந்தவர்களும் உண்டு என்று அறிவேன்.

———

முரல்வை முன்மொழிந்த நான் இசையவில்லை என்பதைப் பதிவு செய்க. இமிழுக்கு நிகண்டுகள் இனிமை என்றும் பொருள் கூறும்; பழுதுக்கு அந்தச் சொல்லைச் சூட்ட என் மனம் ஒப்பவில்லை. என் வகுப்பில் ஹம்முக்கு முரல்வு என்றே சொல்வேன், மீன் துள்ளினாலும் சரி.

———

எந்தச் சொல்லைப் போட்டாலும் போடுங்கள். ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையில் 'கண்டென்சர்' என்றே எழுதுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது மின்தேக்கி, இலங்கைப் பாடநூலில் கொள்ளளவி; அந்த வழக்கை வெள்ளிக்கிழமைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.