காவலர் கையில் துப்பாக்கி இருந்தால் வன்முறை குறையுமா, கூடுமா?

பாளை வாசகன் (கேள்வி):
2024 டிசம்பர் 20 அன்று பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலில் பட்டப்பகலில் ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். அதன்பிறகு நீதிமன்றங்களில் துப்பாக்கி ஏந்திய காவலர்களை நிறுத்தும் ஏற்பாடு வந்தது. ஒரு சொத்து வழக்கின் பொருட்டு வாய்தாவுக்கு வாய்தா அந்த வாசலைக் கடப்பவன் நான். சென்ற முறை போனபோது, காவலுக்கு நின்ற இளம் காவலர் ஒருவர், நீளத் துப்பாக்கியைச் சுவரில் சாத்தவும் மனமின்றி இடக்கையால் அணைத்துக்கொண்டு, வலக்கையில் தேநீர்க் குவளையோடு நின்றிருந்தார். எனக்குப் பின்னால் வந்த மூதாட்டி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இன்னைக்கும் ஏதும் நடக்கப் போவுதாய்யா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தைரியம் தந்த அதே துப்பாக்கி அவருக்கு அச்சத்தைத் தந்தது. காவலர்களுக்குத் துப்பாக்கி கொடுப்பதால் சமூகத்தில் வன்முறை உண்மையிலேயே குறைகிறதா? அனுபவமும் வாசிப்பும் உள்ளவர்கள் விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஏட்டு, அம்பாசமுத்திரம்:
அண்ணாச்சி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் காக்கி உடுத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நாங்கள் ரோந்துக்கு லத்தியோடுதான் போவோம். கைத்துப்பாக்கி உதவி ஆய்வாளருக்கும் அவருக்கு மேலே உள்ளவர்களுக்கும் உரியது. நிலையத்துத் துப்பாக்கிகள் பாரா காவலரின், அதாவது முறைவைத்துக் காவல் நிற்பவரின், பொறுப்பு. பாரா மாறும்போது துப்பாக்கி எண்ணைச் சரிபார்த்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக எண்ணி, பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகுதான் முந்தையவர் வீட்டுக்குப் போக முடியும். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு எண்ணியபோது ஒரு தோட்டா குறைந்தது. விடிய விடிய ஒருவரும் உறங்கவில்லை. கடைசியில் மரப்பெட்டிக்குள் விரித்திருந்த துணியின் மடிப்பில் அது கிடந்தது. அந்த ஒரு தோட்டாவுக்காக மூன்று பேர் விளக்கம் எழுதிய அதே நிலையத்தில், யாரை லத்தியால் எத்தனை அடி அடித்தோம் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதியதில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்ததற்குத் துப்பாக்கி காரணமன்று. ஆகவே பழியை எல்லாம் துப்பாக்கியின் மேல் போடுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆனால் துப்பாக்கி வந்தால் கொலை நின்றுவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. நம் பக்கத்துக் கொலைகளில் ஆயுதம் பெரும்பாலும் அரிவாள்தான். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். காவலர் தோளிலிருந்து துப்பாக்கியை இறக்குவதற்குள் வெட்டியவன் பைக்கில் ஏறியிருப்பான். அப்படியே சுட்டாலும், அவனுக்குப் பின்னால் பேருந்துக்காக நிற்கும் பிள்ளைகள் மேல் படாது என்று எவர் உறுதி தருவார்?

தென்காசி ஆசிரியை:
ஐயா சொல்வதோடு வெளிநாட்டு அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். 1829-இல் லண்டன் பெருநகரக் காவல்துறை தொடங்கியது முதல் இன்றுவரை பிரிட்டனில் பெரும்பாலான காவலர்கள் துப்பாக்கியின்றியே வீதியில் நடக்கிறார்கள். வட அயர்லாந்து மட்டும் விலக்கு. நியூசிலாந்தில் 2019 மார்ச் மாதம் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த படுகொலைக்குப் பின், ஆயுதம் தாங்கிய சுற்றுக்காவல் குழுக்களை மூன்று பகுதிகளில் ஆறு மாதம் சோதித்துப் பார்த்துவிட்டு, மாவோரி மக்களிடமிருந்தும் பிறரிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்ததால் 2020-இல் கைவிட்டார்கள்.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. லண்டனின் மையப்பகுதியில் உள்ள சிறிய காவல்துறையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு செய்தார்கள். சில பணிமுறைகளில் காவலர்கள் மின்னதிர்ச்சி தரும் டேசர் கருவியை இடுப்பில் தெரியும்படி அணிந்தார்கள், சிலவற்றில் அணியவில்லை. அணிந்த பணிமுறைகளில் காவலர்கள் பலத்தைப் பிரயோகித்தது 48 விழுக்காடு அதிகமாக இருந்தது. காவலர்கள் தாக்கப்பட்டதும் ஏறக்குறைய இரு மடங்கானது. கருவியை எடுத்துச் சுடாமலே, அது கண்ணில் படுவதாலேயே இரு தரப்பினரின் நடத்தையும் மாறிவிடுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். அந்த மூதாட்டி வாசலில் நின்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவை இதில் இழுக்க வேண்டாம். மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகமாக உள்ள நாட்டோடு நம் மாவட்டத்தை ஒப்பிடுவதில் பயனில்லை.

வண்ணார்பேட்டை வழக்கறிஞர்:
ஏட்டையாவின் தோட்டாக் கணக்கை மதிக்கிறேன். ஆனால் அது பாதி உண்மைதான். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தில் தடியடி நடந்தபோது, தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. லத்தி எவ்வளவு கொடியது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தபோதும் தோட்டாக்களுக்குப் பதிவேடு இருக்கத்தான் செய்தது. சுட்டவர்கள் யார், உத்தரவிட்டவர்கள் யார் என்பதற்கு விடை தேட ஒரு விசாரணை ஆணையமே தேவைப்பட்டது. அதன் அறிக்கை 2022-இல்தான் சட்டப்பேரவைக்கு வந்தது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது, அவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையைக் கைதுப் பிரிவு காவலருக்குத் தரவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் இருந்த இது புதிய சட்டத்தின் 43-ஆம் பிரிவில் தொடர்கிறது. காவலர் சுட்டு ஒருவர் இறந்தால் வழக்குப் பதிந்து, வேறு நிலையத்தாரோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் வகுத்த நெறிமுறையும் உள்ளது. இவை நடைமுறையில் இருக்கும் ஊரில் துப்பாக்கி எனக்கு அச்சம் தராது. ஏட்டில் மட்டும் இருக்கும் ஊரில் லத்தியே அச்சம் தரும்.

பாளை வாசகன்:
அனைவருக்கும் நன்றி. ஏட்டையாவிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்த இளம் காவலர் போன்றவர்களுக்கு எவ்வளவு பயிற்சி கிடைக்கும்?

ஓய்வுபெற்ற ஏட்டு, அம்பாசமுத்திரம்:
வழக்கறிஞர் சொன்னதை மறுக்கவில்லை. பயிற்சி என்று கேட்டால், என் காலத்தில் ஆண்டுக்கொரு முறை சுடுதளத்துக்கு அழைத்துப் போவார்கள். படுத்தபடி சில தோட்டாக்களை அசையாத பலகையில் சுடுவோம். வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணி ஒப்படைத்துவிட்டுத் திரும்புவோம். கூட்டத்தின் நடுவே ஓடுகிற ஆளைச் சுடுவது எப்படி என்றோ, எப்போது சுடாமல் இருக்க வேண்டும் என்றோ எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. இப்போது எப்படி என்று அடுத்த வாய்தாவுக்குப் போகும்போது அந்தத் தம்பியிடமே கேட்டு எழுதுங்கள், அண்ணாச்சி.