தூங்கும் சிப்பை டீபக்கர் பிடிக்கவே மாட்டேன் என்கிறது

மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். தோட்டத்தில் வைக்க மண் ஈரம் பார்க்கும் கருவி ஒன்று செய்கிறேன். போர்டு 'புளூ பில்', அதில் எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப். டீபக்கர் (சிப்பில் புரோகிராமை ஏற்றி, அது ஓடும்போது பிழை பார்க்க உதவும் கருவி), எஸ்டி-லிங்க் வி2 மாதிரியில் வரும் பெயரில்லாத யூஎஸ்பி டாங்கிள். கணினியில் உபுண்டு 22.04, டீபக்கரை இயக்கும் மென்பொருளான ஓப்பன்ஓசிடி 0.12.

ஞாயிறு வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது. பேட்டரியை மிச்சப்படுத்தலாம் என்று சிப்பை 'ஸ்டாப்' நிலையில் தூங்கவைத்தேன், வந்தது வினை. இப்போது புரோகிராம் ஓடத் தொடங்கிய சில மில்லி விநாடிகளில் இணைப்பு அறுந்துவிடுகிறது. ஓப்பன்ஓசிடி போர்டின் மின்னழுத்தத்தை 3.26 வோல்ட் என்று சரியாகக் காட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே சிப்புடன் இணைய முடியவில்லை என்கிறது.

ஒயர்களைப் பத்து சென்டிமீட்டருக்குக் குறைத்தேன். இணைப்பின் வேகத்தை 480 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். பலனில்லை. பூட்0 ஜம்பரை (என் புரோகிராமை ஓட்டாமல் சிப்பைத் தொடங்கவைக்கும் செருகி) 1-க்கு மாற்றினால் மட்டும் உடனே இணைகிறது, அழித்து எழுதவும் முடிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து நகத்தால் ஜம்பரைப் பிடுங்குவது என்ன பிழைப்பு? தூக்கத்திலும் டீபக் கடிகாரத்தை ஓடவிடும் பிட்டை இயக்கினால் இணைப்பு அறாமல் இருக்கிறது. ஆனால் மின்நுகர்வு ஏறிவிடுகிறது, தூக்கத்தில் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று அளவெடுக்கவே வழியில்லை.

எஞ்சியிருப்பது ரீசெட்டைப் பிடித்தபடியே, அதாவது புரோகிராம் ஓடித் தூங்கப்போகும் முன்பே, இணைவது. டாங்கிளின் ரீசெட் பின்னைப் போர்டோடு இணைத்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்; 3.3 வோல்ட்டிலிருந்து அசையவே இல்லை. அந்தப் பின் எஸ்டிஎம்8 என்ற வேறு சிப் வகைக்கு மட்டும்தான் என்று சந்தேகம்.

இந்த வகை டாங்கிளைத் திறந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா: உண்மையான ரீசெட் சிக்னலை உள்ளே எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும்?