இரண்டு மாதம் தாண்டினால் இழப்பீடு கிடையாதா?

பாம்பன் காற்று:
குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் மனுமீது இரண்டு மாதத்துக்குள் விசாரணை முடியாவிட்டால், சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரமே போய்விடுமாம். நேற்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 357ஏ, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் பிரிவு 396. இரண்டு மாதத்தில் விசாரணையை முடி என்கிறது. முடிக்காவிட்டால் மனு செத்தது என்று எந்த வரியில் இருக்கிறது?

தொண்டி வலை:
அந்த மேதாவி நான்தான். பெயரைச் சொல்ல நா கூசுகிறதோ? இரண்டு மாதம் என்றால் இரண்டு மாதம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். கெடு முடியாமல் விசைப்படகு கிளம்புமா?

பாம்பன் காற்று:
தடை படகுக்காரனுக்கு. இந்தக் கெடு ஆணைக்குழுவுக்கு. அவர்கள் தூங்கினால் வெட்டுப்பட்டவன் ஏன் பணத்தை இழக்க வேண்டும்? அமெரிக்காவில் தண்டனைக்குப் பின் 90 நாளுக்குள் இழப்பீட்டை முடிவு செய்ய வேண்டும். கெடு தவறினாலும் நீதிமன்றத்தின் அதிகாரம் போகாது என்று 2010இல் டோலன் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

தொண்டி வலை:
ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள், நான்கு பேர் மறுத்தார்கள். அதை விழுங்கிவிட்டீர்கள். இழப்பீடு உண்டு, தொகை பிறகு என்று விசாரணை நீதிபதி கெடுவுக்குள்ளேயே சொல்லியிருந்தார். அதையும் சேர்த்து விழுங்கிவிட்டீர்கள்.

மண்டபம் முனை:
என் மைத்துனருக்குக் கரைத் தகராறில் மணிக்கட்டில் வெட்டு. மனு கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. ஒப்புகைச் சீட்டை மடித்து, மீனவர் அடையாள அட்டையோடு பாலித்தீன் உறையில் வைத்திருக்கிறார். ஈரம் பட்டு, மடிப்பில் இருந்த தேதி அழிந்துவிட்டது. அவருக்கு நான் என்ன சொல்ல?

பாம்பன் காற்று:
பாருங்கள், தொண்டியாரே! உங்கள் கணக்குப்படி அவர் மனு மூன்று மாதத்துக்கு முன்பே செத்துவிட்டது. அவரிடமே சொல்லுங்களேன். ஐந்துக்கு நான்கு என்றாலும் தீர்ப்பு தீர்ப்புதான். எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

தொண்டி வலை:
வரி, வரி என்று வசூல்காரர்போலக் கேட்காதீர்கள். பலன் இல்லாத கெடுவை எதற்குச் சட்டத்தில் எழுதினார்கள்? சென்ற ஆண்டு தடை ஜூன் 10இல் முடிகிறது என்று இங்கே அடித்துச் சொன்னவர்தானே நீங்கள்?

பாம்பன் காற்று:
தட்டச்சுப் பிழை. அன்றே திருத்தினேன்.

தொண்டி வலை:
இரண்டு நாள் கழித்துத் திருத்தினீர்கள். உங்களுக்கு மட்டும் கெடு கிடையாது!

பாம்பன் காற்று:
ஒரே நாள்தான். வரியைக் காட்டுங்கள்.

மண்டபம் முனை:
தேதி அழிந்துவிட்டது என்று சொன்னேனே, அதற்கு?