ஃபுல் சிக்னல் இருந்தும் மணி அடிக்கவில்லை: லினக்ஸ் போட்ட போனில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கம்வாசி

ரெட்மி நோட் 7. ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு உபுண்டு டச் என்ற லினக்ஸ் ஓஎஸ் போட்டது. வேறு ஓஎஸ் போட விடாத பூட்லோடர் பூட்டைத் திறக்க ஒரு வாரம் காத்திருந்தது, டேட்டா மொத்தமும் அழிந்தது எல்லாம் உங்களுக்கும் பழகின கதைதான், அதை விட்டுவிடுகிறேன். ஐந்து வாரம் அதுதான் என் ஒரே போன். நெட் ஓடியது, டெலிகிராம் ஓடியது, டெர்மினலில் ஆபீஸ் சர்வரைக்கூடப் பார்த்தேன். அந்த ஐந்து வாரத்தில் ஒரு கால்கூட வரவில்லை என்பது மட்டும் என் மண்டையில் உறைக்கவில்லை. இப்போதெல்லாம் யார் கால் பண்ணுகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசி மழை. பெரம்பூர் வீட்டில் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். அம்மா எனக்கு ஆறு தடவை அடித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஸ்விட்ச் ஆஃப் என்றே பதில். கடைசியில் கீழ் வீட்டுக்காரர்தான் 108-ஐக் கூப்பிட்டார். அந்த நேரம் போன் என் மேஜை மேல், லேப்டாப் பக்கத்தில், ஃபுல் சிக்னலோடு கிடந்தது. கோவையிலிருந்து தம்பி அனுப்பிய செய்தி டெலிகிராமில் வந்தது: "அண்ணா, போன ஏன் ஆஃப் பண்ணி வச்சிருக்க? அப்பா விழுந்துட்டாரு." அதே போன், அதே சிம். செய்தி வருகிறது, கால் வரவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், கைத்தடியோடு நடக்கிறார். ஆனால் அன்றைக்கு என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மீட்டிங்ல இருந்தியாப்பா?" எனக்கான சமாதானத்தை அவரே யோசித்து வைத்திருந்தார். நான் தலையாட்டிவிட்டேன். நான்கு மாதமாகிறது, அந்தத் தலையாட்டல் இன்னும் அறுக்கிறது.

காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். 4ஜியில் குரலுக்கென்று தனிப் பாதை கிடையாது. ஒன்று 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வோல்ட்டி வேண்டும், இல்லையென்றால் கால் வரும் நொடியில் போன் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்க வேண்டும். என் சிம் 4ஜி மட்டும் இருக்கிற நெட்வொர்க். இறங்க இடமில்லை. உபுண்டு டச்சுக்கு அடியில் இருக்கும் ஹேலியம் என்ற தளம் ஆண்ட்ராய்டின் கெர்னலையும் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) டிரைவர்களையும் கடன் வாங்கிக்கொள்கிறது; ஆனால் வோல்ட்டி காலை நெட்வொர்க்கோடு இணைக்கும் ஐஎம்எஸ் வேலையைச் செய்யும் மென்பொருள் ஆண்ட்ராய்டின் மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கிறது, அது என் போனில் வரவில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. அப்பா விழுவதற்கு முன்னால் அந்த அரை மணியை நான் ஒதுக்கவில்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

கருந்திரை

போகோ எஃப்1, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸ். பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டாக எடுத்தது. ஃப்ளாஷ் பண்ணினேன் (அதாவது ஓஎஸ்ஸைப் போனில் எழுதினேன்), ரீபூட் பண்ணினேன், திரை இருட்டு. ஒரு முறை அதிர்ந்தது, அவ்வளவுதான். ரிச்சி தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு "டிஸ்ப்ளே போச்சு சார், மாத்திரலாம்" என்றார். விலை கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். கேபிள் செருகினேன். கேபிள் வழியே போனுக்கு இருக்கும் முகவரியான 172.16.42.1-க்கு எஸ்எஸ்எச் (லேப்டாப்பிலிருந்து போனுக்குள் நுழையும் கட்டளை) அடித்தேன். பாஸ்வேர்ட் கேட்டது! செத்துப்போனது என்று ஒருவர் கையில் கொடுத்த போன் உள்ளே இருந்துகொண்டு பாஸ்வேர்ட் கேட்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், கை நடுங்கியது.

விஷயம் இதுதான். போகோ எஃப்1 இரண்டு வகை டிஸ்ப்ளே பேனலோடு வந்தது: டியன்மா, ஈபிபிஜி. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸில் ஒவ்வொன்றுக்கும் கெர்னல் தனி. நண்பனுடையது டியன்மா என்பதால் நானும் அதையே போட்டிருந்தேன். என்னுடையது ஈபிபிஜி. மாற்றிப் போட்டதும் திரை வந்தது. இந்த ஓஎஸ் 2017-ல் தொடங்கியபோது போனைப் பத்து வருஷமாவது உழைக்க வைக்க வேண்டும் என்றுதான் கிளம்பினார்கள். அந்தப் பெஞ்சில் எனக்கு அது விளங்கியது. நல்ல டிஸ்ப்ளே ஒன்று குப்பைக்குப் போயிருக்கும்.

பழைய அட்மின்

மடிப்பாக்கம்வாசி, உங்கள் அப்பா நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை ஒரே போனாக வைத்திருந்தது தவறு. போனை மட்டும் குறை சொல்ல முடியாது.

என் கதை சின்னது. ஒன்பிளஸ் 6-ல் விளையாடும்போது தெரியாத்தனமாக, மோடத்தின் தகவல்கள் இருக்கும் மோடம்எஸ்டி பார்ட்டிஷன்களை (போன் நினைவகத்தின் தனிப் பகுதிகள்) அழித்துவிட்டேன். *#06# அடித்தால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ வெறும் சைபராக வந்தது. அந்த சைபர் வரிசை இன்றும் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் அந்தப் போன் வீட்டில் பாட்டுப் பெட்டி.

அதனால் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். கை வைப்பதற்கு முன்னால் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, பெர்சிஸ்ட் என்ற பார்ட்டிஷன்கள் மூன்றையும் காப்பி எடுத்து, போனுக்கு வெளியே இரண்டு இடத்தில் வையுங்கள். எழுதிப்போடுவதற்கு முன்னால் லேப்டாப்பிலிருந்து ஃபாஸ்ட்பூட் பூட் கட்டளையில் பூட் இமேஜ் கோப்பை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அது போனில் எதையும் எழுதாது, பிடிக்கவில்லையென்றால் ரீஸ்டார்ட் போதும். எல்லாப் போனிலும் அந்தக் கட்டளை வேலை செய்யாது, உங்கள் மாடலின் விக்கி பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பிளஸ் 6 வைத்திருப்பவர்கள் ஹார்டுவேர் விவரம் இருக்கும் டிடிபிஓ பார்ட்டிஷனை அழிக்க மறந்துவிட்டு "பூட் ஆகல" என்று வருகிறார்கள். அந்தப் போனில் ஏ, பி என்று இரண்டு ஸ்லாட், இரண்டிலும் அழிக்க வேண்டும். சார்ஜ் பாதிக்கு மேல் இல்லாமல் ஃப்ளாஷ் பண்ணாதீர்கள். போனோடு வந்த கேபிள் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், பிளாட்பாரக் கேபிள் பாதியில் கழன்றால் அவ்வளவுதான். முக்கியமாக, ஓஎஸ் மாற்றிய அன்றைக்கே இன்னொரு போனிலிருந்து பத்து தடவை கால் பண்ணிப் பாருங்கள்: திரை அணைந்திருக்கும்போது, வைஃபையில் இருக்கும்போது, ரீபூட்டுக்குப் பிறகு. அப்புறம் கால் ஃபார்வர்ட். **62* அடித்து அடுத்து இன்னொரு எண், கடைசியில் #. போன் தொடர்பில் இல்லையென்றால் கால் அந்த எண்ணுக்குப் போய்விடும். இதைப் போட்டு வைத்திருந்தால் உங்கள் அம்மாவின் ஆறு காலும் வேறு யாருக்காவது போயிருக்கும்.

29சி பயணி

பழைய அட்மின் சார், நீங்கள் சொல்வது முழுக்கச் சரியில்லை. இப்படி *, # போட்டு அடிக்கும் யுஎஸ்எஸ்டி கட்டளை வழியாகக் கால் ஃபார்வர்ட் போடுவதைத் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கச் சொன்னது, மோசடிக் கும்பல்கள் அதை வைத்து ஓடிபி பிடிக்கிறார்கள் என்பதால். இப்போது உங்கள் நெட்வொர்க்கில் வேறு எப்படிச் செய்யலாம் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்வதுதான் வழி. இன்னொன்று, ஒரு மனிதர் மனம் விட்டு எழுதியதற்கு முதல் வரியே "தவறு" என்று இருக்க வேண்டாம்.

என்னுடையது தமிழ்ச் சிக்கல். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், அதன் மேல் ஃபோஷ் என்ற முகப்புத் திரை. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன், அம்மா எஸ்எம்எஸ் அனுப்புகிறார். திறந்தால் கட்டம் கட்டமாக நிற்கிறது. எழுத்து ஒன்றுகூட இல்லை. நடுவில் "500" மட்டும் தெரிந்தது. ஐநூறு ரூபாயா, ஐநூறு கிராமா? அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். பேசலாமென்றால் அம்மாவுக்குக் காது கேட்பது குறைவு, அதனால்தான் எஸ்எம்எஸ். என் அம்மா எனக்கு எழுதியதை என் போன் எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறது. அடையாறு சிக்னல் வரை அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுத்துரு இல்லை, அவ்வளவுதான் குறை. அடியில் இருப்பது ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ், எதையும் கேட்டால்தான் தரும். ஏபிகே என்ற அதன் நிறுவும் கட்டளை வழியாக (ஆண்ட்ராய்டு ஏபிகே இல்லை) நோட்டோ தமிழ் எழுத்துருவைப் போட்டு, செயலியை மூடித் திறந்ததும் கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுத்தானது. "மாத்திரை தீர்ந்துபோச்சு, 500 எம்ஜி, வரும்போது வாங்கிட்டு வா." நான் அதற்குள் வெறுங்கையோடு வீடு திரும்பியிருந்தேன். மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டு மெடிக்கலுக்கு ஓடினேன்.

படிப்பதற்கே இந்தப் பாடு. எழுதுவதற்குத் தமிழ்99 விசைப்பலகை திரையில் வர நான் பட்டது தனிக் கதை, இன்னொரு நாள்.

பழைய அட்மின்

அந்த உத்தரவு என் கவனத்துக்கு வரவில்லை, திருத்தியதற்கு நன்றி. "தவறு" என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெற மாட்டேன். என் மாமியார் வீட்டிலும் இப்படி ஒரு ராத்திரி வந்தது. எழுதுகிற அளவுக்கு இன்னும் ஆறவில்லை.

டீக்கடை ஓரம்

வடபழனி. ரெண்டு டீ, ஒரு சமோசா. லினக்ஸுக்குள் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டும் வேட்ராய்டு உள்ளே பணம் அனுப்பும் ஆப்பைப் போட்டு வைத்திருந்தேன், முந்தின நாள் வரை திறந்தது. அன்றைக்கு "இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல" என்று சொல்லி மூடிக்கொண்டது. பூட்லோடர் திறந்த போன், அதற்குள் ஒரு கன்டெய்னர், அதற்குள் ஆண்ட்ராய்டு. பேங்க் ஆப்கள் அதை ஏற்க மறுப்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் பையில் காசு இல்லை, பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போங்க தம்பி, நாளைக்குக் குடுங்க" என்றார். மறுநாள் முதல் வேலையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கும்போது அவர் எதையும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் நிற்கிறது.

இப்போது *99# பழகிவிட்டேன். பட்டன் போனில் பணம் அனுப்புகிற அதே முறைதான், ஆப் வேண்டாம், நெட் வேண்டாம். மெனு மெதுவாக வரும், பாதியில் அறுபடும், பொறுமை வேண்டும். பையில் இருநூறு ரூபாய் நோட்டு ஒன்றும் மடித்து வைத்திருக்கிறேன்.

குரோம்பேட்டை வாசகன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? நம்ம ஊர் ஐஐடியிலேயே பாரோஎஸ் என்று 2023-ல் அறிவித்தார்களே, அதைப் போட்டுக்கொள்ளலாமே.

கருந்திரை

அது ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தின் மேல் கட்டியது நண்பரே. செய்தது ஐஐடி மெட்ராஸில் அடைகாக்கப்பட்ட நிறுவனம். நோக்கம் நல்லது, முன்கூட்டியே திணித்த ஆப்கள் இல்லை. ஆனால் இங்கே பேசுவது ஆண்ட்ராய்டு இல்லாத லினக்ஸைப் பற்றி. உபுண்டு டச்சை அதை உருவாக்கிய கனானிகல் நிறுவனம் 2017-ல் கைவிட்டபோது யூபிபோர்ட்ஸ் என்ற குழுவின் ஆட்கள் தன்னார்வலர்களாக எடுத்து நடத்தினார்கள். அவர்கள் இல்லையென்றால் மடிப்பாக்கம்வாசி இந்த இழையையே தொடங்கியிருக்க முடியாது. ஓடாததைச் சொல்லும்போது அவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மடிப்பாக்கம்வாசி

எல்லோருக்கும் நன்றி. பழைய அட்மின் சார், தவறு என்னுடையதுதான், அதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. கருந்திரை, யூபிபோர்ட்ஸைக் குறை சொல்லி நான் எழுதவில்லை. எது ஓடும், எது ஓடாது என்று ஒவ்வொரு மாடலுக்கும் பட்டியல் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை.

செய்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். எண்ணை 2ஜி இன்னும் உயிரோடு இருக்கிற வேறொரு நெட்வொர்க்குக்கு மாற்றினேன். தம்பியை விட்டு இருபது தடவை அடிக்கச் சொன்னேன். 4ஜியில் விட்டு வைத்தபோது பதினேழு அடித்தது, மூன்று அடிக்கவில்லை. அமைப்புகளில் செல்லுலார் பகுதிக்குப் போய் 2ஜி மட்டும் என்று வைத்தேன். மறுபடி இருபது. இருபதும் அடித்தது. நெட் ஆமை வேகம், அதனால் வீட்டிலும் ஆபீஸிலும் வைஃபை, வழியில் ஒன்றும் கிடையாது. ராத்திரி படுக்கும்போது கட்டாயம் 2ஜி. பஸ்ஸில் மேப் பார்க்க வேண்டுமென்றால் 4ஜிக்கு மாற்றுகிறேன், இறங்கியதும் திரும்ப வைக்கிறேன். மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் லாக் திரையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

29சி பயணி எழுதியதைப் படித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் போனேன். சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம் சொன்னேன். மீட்டிங் எல்லாம் இல்லை, போன் என் பக்கத்திலேயேதான் இருந்தது, நான் போட்ட ஓஎஸ்ஸில் கால் வரவில்லை என்று. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப வருமா?" என்றார். வரும்பா என்றேன். தன் பட்டன் போனை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். நான்கு நொடி ஒன்றுமில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் அடித்தது. நான் எடுக்கக் கை நீட்டினேன், அவர் தரவில்லை. முழுதாக அடித்து ஓயும் வரை கையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.