மூன்றே வருஷத்தில் புல் பரிணமிக்குமா?

மேய்ச்சல்புறம்:
பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருஷம் ஆகும் என்று போன வாரம் இங்கே ஒருவர் அடித்துச் சொன்னார். அவருக்காக ஒரு பழைய கதை. அமெரிக்காவில் தெற்கு மேரிலாந்தில் ஒரு நிலம். ப்ளூகிராஸ் என்கிற புல், வெள்ளை குளோவர் என்கிற தீவனச் செடி என்று பல விதைகளைக் கலந்து விதைத்திருந்தார்கள். பிறகு நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கால்நடைகளை ஒட்ட மேய விட்டார்கள். மறுபாதிக்குள் கால்நடையே நுழையவில்லை, புல் அறுக்க மட்டும் விட்டுவைத்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் மேய்ந்த பக்கம் குட்டையாகப் படர்கிற செடிகள் அதிகம், மறுபக்கம் நெட்டுக்குத்தாக நிற்பவை அதிகம். கெம்ப் என்கிற ஆய்வாளர் 1937இல் இதை எழுதினார்.

ஒத்துக்கமாட்டேன்:
தினமும் கடிபட்டால் எந்தப் புல்லும் தரையோடுதான் கிடக்கும். மாசாமாசம் மொட்டை போடுகிறவருக்குப் பிள்ளை மொட்டையாகவா பிறக்கும்?

மேய்ச்சல்புறம்:
இந்தச் சந்தேகம் கெம்புக்கும் இருந்திருக்கிறது. அதனால்தான் இரண்டு பக்கத்துச் செடிகளையும் பெயர்த்து, ஒரே தோட்டத்தில் நட்டு வளர்த்தார். அங்கே கடிக்க மாடு இல்லை. அப்படியும் மேய்ந்த பக்கத்திலிருந்து வந்தவற்றில் பெரும்பாலானவை குட்டையாகவே படர்ந்தன. கடிபட்டதன் பாதிப்பு மட்டும்தான் என்றால் அவை எழுந்து நின்றிருக்க வேண்டுமே!

ஒத்துக்கமாட்டேன்:
சரி, பிறவிக் குணம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ப்ளூகிராஸ் பெரும்பாலும் முட்டை கருவுறாமலே விதை கட்டும். தாயும் பிள்ளையும் ஒரே அச்சு. விதை மூட்டைக்குள் குட்டையும் நெட்டையும் முதல் நாளே இருந்திருக்கிறது, மாடு சலித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். புதிதாக என்ன வந்தது?

கரிசல்விதை:
அந்தச் சலிப்புக்குத்தான் இயற்கைத் தேர்வு என்று பேர், அண்ணே. புதுசாக ஒரு ஜீன் முளைத்தால்தான் பரிணாமம் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. கூட்டத்தில் எந்த வகை எத்தனை பங்கு என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறினால் போதும்.

இன்னொன்று, எல்லோரும் மேய்ந்த பக்கத்தையே பார்க்கிறீர்கள். மேயாத பக்கத்தில் குட்டைச் செடியைக் கொன்றது யார்? பக்கத்துப் புல்லின் நிழல். வாய்க்குத் தப்ப வேண்டுமானால் படுக்க வேண்டும், வெயில் கிடைக்க வேண்டுமானால் எழ வேண்டும். இரண்டையும் ஒரே செடி செய்ய முடியாது. அதனால்தான் இவ்வளவு வேகம்.

நியூயார்க் மாநிலம் இத்தாக்காவில் அனுராக் அகர்வால் குழு ஈவ்னிங் பிரிம்ரோஸ் செடியில் செய்த சோதனையும் இதையே காட்டியது (2012இல் வெளியானது). 16 பாத்திகளில் பாதிக்குப் பூச்சிமருந்து, மீதி அப்படியே. விதை தின்னும் அந்துப்பூச்சிகள் குறைந்த பாத்திகளில், சில தலைமுறைகளிலேயே, பூச்சியை விரட்டும் ரசாயனம் குறைவாகச் சுரக்கிற வகைகள் பெருகின. எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான்: அதே மருந்து டான்டெலியன் என்கிற களைச்செடியைக் கடிக்கிற பூச்சிகளையும் அடக்கியது. டான்டெலியன் மண்டிப் போய் பிரிம்ரோஸை நெருக்க ஆரம்பித்தது. பூச்சித் தொல்லை போன இடத்தில் போட்டி வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒத்துக்கமாட்டேன்:
அந்தச் செடியும் அச்சு மாறாத விதை போடுகிறதுதான்! வசதியான உதாரணமாகவே பொறுக்குகிறீர்கள். காற்றில் மகரந்தம் பறக்கிற புல்லில் காட்டுங்கள். பக்கத்து வயல் மகரந்தம் வந்து எல்லாவற்றையும் கலந்துவிடும்.

மேய்ச்சல்புறம்:
இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் பார்க் கிராஸ் வயல் இருக்கிறதே! 1856 முதல் பாத்திக்குப் பாத்தி வேறு வேறு உரம். 1903இல் பல பாத்திகளின் ஒரு பகுதிக்குச் சுண்ணாம்பும் போட ஆரம்பித்தார்கள். அங்கே வளர்கிற ஆந்தாக்சாந்தம் என்கிற வாசனைப் புல், காற்றில் மகரந்தம் சேர்வதுதான். ஸ்னேடன், டேவிஸ் என்கிற ஆய்வாளர்கள் பல பாத்திகளிலிருந்து அதைப் பெயர்த்து ஒரே தோட்டத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். உரம் உண்டு உயரமாக அடர்ந்த பாத்தியிலிருந்து வந்தவை அங்கேயும் உயரமாகவே வளர்ந்தன. எல்லைக் கோட்டின் இரு பக்கமும் சில மீட்டருக்குள்ளேயே குணம் வேறு. பாத்தி மாற்றி நட்டபோது சொந்தப் பாத்திச் செடிகளே நன்றாகத் தாக்குப்பிடித்தன.

ஒத்துக்கமாட்டேன்:
அந்த வயல் அறுக்கிற வயல், மேய்கிற வயல் இல்லை. போட்டிக்கு இது சாட்சி, ஒப்புக்கொள்கிறேன். மேய்ச்சலுக்கு, அதுவும் மகரந்தம் கலக்கிற புல்லில், இன்னும் எதுவும் காட்டவில்லை. மூட்டையில் குட்டை வகையே இல்லாத நிலத்தில் மாட்டை விட்டால் மூன்று வருஷத்தில் புல் மாறாது. அழிந்து போகும்.

கரிசல்விதை:
அழியலாம். ஆனால் காட்டுப்புல் கூட்டத்தில் எல்லாச் செடியும் ஒரே உயரமாக இருந்து எங்கே பார்த்தீர்கள்?