லூப்புக்குள் அறிவித்த மாறியில் பழைய தொகை தங்கிவிடுகிறது: அபாப் உதவி தேவை

கேள்வி:
வணக்கம். வாடிக்கையாளர் வாரியாக பில் தொகையைக் கூட்டிக் காட்டும் ரிப்போர்ட் ஒன்றை, எஸ்ஏபி மென்பொருளின் நிரல் மொழியான அபாப்பில், எழுதி வருகிறேன். வெளி லூப்பின் முதல் வரியில் 'டேட்டா எல்வி_டோட்டல் டைப் ஐ வேல்யூ 0' என்று ஒரு முழு எண் மாறியை அறிவித்து, உள் லூப்பில் பில்களைக் கூட்டுகிறேன். முதல் வாடிக்கையாளருக்கு 4,000 என்று சரியாக வருகிறது; 1,500 வர வேண்டிய அடுத்தவருக்கோ 5,500 வருகிறது. ஜாவாவில் இப்படி எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் மாறி புதிதாகப் பிறக்கும். உள்ளூர் (லோக்கல்) மாறி என்பதைக் காட்டும் 'எல்' என்ற முன்னொட்டு இருந்தும் இது ஏன் லூப்புக்குள் அடங்கவில்லை?

பதில் 1:
வணக்கம். முன்னொட்டு மனிதர்கள் படிப்பதற்காக வைப்பது. கம்பைலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அபாப்பில் லூப், இஃப் போன்ற தொகுதிகளுக்குத் தனி எல்லை கிடையாது. மெத்தட், ஃபங்ஷன் மாட்யூல், சப்ரூட்டீன் ஆகியவையே உள்ளூர் மாறியின் எல்லை. டேட்டா என்பது அறிவிப்பு மட்டுமே என்பதால், நீங்கள் கொடுத்த வேல்யூ ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் இடப்படுவதில்லை. வெளி லூப்பின் தொடக்கத்தில் 'கிளியர் எல்வி_டோட்டல்' என்று எழுதுங்கள், அது மாறியை 0 ஆக்கிவிடும். அபாப் 7.40 பதிப்பு முதல் உள்ள இன்லைன் அறிவிப்பில் (மாறியை அறிவிப்பதும் மதிப்பளிப்பதும் ஒரே வரியில்) 0 கொடுத்தால், அந்த மதிப்பளிப்பு சுற்றுதோறும் நடக்கும். ஆனால் அப்போதும் மாறி டைப் ஐ, அதாவது முழு எண், என்பதால் தொகையில் பைசா தங்காது. தொகைக்கு இரண்டு தசம இடங்கள் கொண்ட டைப் பி தான் பொருத்தம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. இன்னொன்றையும் பாருங்கள்: இந்த நிரல் நேரடியாக, ரிப்போர்ட்டின் முக்கியப் பகுதியான ஸ்டார்ட்-ஆஃப்-செலக்‌ஷனின் கீழ் இருக்கிறதா? அப்படியானால் உங்கள் மாறி உண்மையில் குளோபல், அதாவது நிரல் முழுவதற்கும் பொதுவானது. 'எல்' என்ற எழுத்து படிப்பவரைத் தவறான நம்பிக்கையில் வைக்கிறது. அத்தகைய பெயர் முன்னொட்டே இல்லாத பெயரைவிட ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. எஸ்ஏபி வெளியிட்டுள்ள கிளீன் அபாப் வழிகாட்டியும் முன்னொட்டுகளைத் தவிர்க்கவே சொல்கிறது. 30 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டிய பெயரில், அந்த இடத்தைப் பொருளுக்குக் கொடுப்பதே நல்லது. குழு விதி எல்வியைக் கட்டாயமாக்கினால் அதை மீற வேண்டாம், நிரலை ஒரு மெத்தடுக்குள் கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கிளியர் வைத்ததும் 1,500 வந்துவிட்டது. நிரல் ஸ்டார்ட்-ஆஃப்-செலக்‌ஷனின் கீழ்தான் இருந்தது. மெத்தடுக்கு மாற்றியவுடன், அச்சிடும் சப்ரூட்டீனில் எல்வி_டோட்டல் தெரியவில்லை என்று சின்டாக்ஸ் பிழை வந்தது. அது இத்தனை நாளும் அந்த மாறியை நேரடியாகவே படித்து வந்திருக்கிறது. அதையும் மெத்தடாக்கி, தொகையை ஐவி_டோட்டல் என்ற பாராமீட்டராக அனுப்பியிருக்கிறேன்.